ஓபெத் ரசிகர்களின் போனில் என்னதான் ஓடுகிறது?

ஓபெத் என்பது ஸ்வீடன் நாட்டு மெட்டல் இசைக்குழு. மெட்டல் என்றால் ராக் இசையிலேயே கனமான, சத்தமான வகை. 1990-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. பாட்டு ஒவ்வொன்றும் சர்வசாதாரணமாகப் பத்து நிமிடம் ஓடும். மூன்று நிமிடம் காட்டு உறுமல், இரண்டு நிமிடம் தாலாட்டு மாதிரி கிதார், அப்புறம் மறுபடி உறுமல். கல்லூரிக் காலத்திலிருந்து கேட்டுவருகிறேன். கறுப்பு டி-ஷர்ட்டில் கொடி படர்ந்த மாதிரி ஒரு பெரிய 'ஓ' போட்டுக்கொண்டு யாராவது மின்சார ரயிலில் போனால் அது நானாகவோ என் சிநேகிதர்களில் ஒருவராகவோ இருக்கலாம்.

அந்த டி-ஷர்ட்டைப் பார்ப்பவர்கள் இவன் வீட்டிலும் இந்தக் கூச்சல்தான் ஓடும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் சென்னையில் எனக்குப் பழக்கமான ஓபெத் ரசிகர்களில் மெட்டல் மட்டும் கேட்கிறவர் ஒருவர்கூடக் கிடையாது. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பன் நாகூர் ஹனிபா வெறியன். வங்கியில் வேலை பார்க்கும் தோழிக்கு ஓபெத்தை விட்டால் எஸ். ஜானகி, அதுவும் எண்பதுகளின் ஜானகி. வியாசர்பாடிக்காரன் ஒருவனுக்குக் கானா. நான் மாயவரத்துக்காரன், எனக்கு நாகஸ்வரம்.

இதை எழுதக் காரணம் என் சித்தி பையன். இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். "அண்ணே, மெட்டலும் கேக்கறேன், டி.எம்.எஸ்ஸும் கேக்கறேன், கொரியாக்காரங்க பாட்டும் கேக்கறேன். எனக்குன்னு ஒரு டேஸ்ட்டே இல்லையோ?" என்று கேட்டான். ஹாஸ்டலில் கிண்டல் செய்கிறார்களாம். அவனிடம் போனில் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் விஷயம். ஒரு குழுவை நமக்குப் பிடிக்கிறது என்றால் அந்தக் குழு செய்வது எல்லாமே பிடிக்கிறது என்று அர்த்தமில்லை. அதில் ஏதோ ஒன்று நம்மைப் பிடித்து இழுக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொண்டால், ஒட்டாத மாதிரி தெரியும் மற்ற பாட்டுகள் எல்லாம் ஏன் அதே போனில் இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

அம்பத்தூர்க்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறுமிப் பழகுகிறவன். லேத் ஓடும்போது உறுமினால் பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியாது. "டேய், ஹனிபா பாயும் அடிவயித்துலேர்ந்துதான்டா எடுக்குறாரு. அந்த ஸ்வீடன்காரனும் அங்கேர்ந்துதான் எடுக்குறான். தொண்டையில எடுத்திருந்தா ரெண்டு பேரு குரலும் என்னைக்கோ காலி" என்பான். எட்டுக்கட்டைக் குரலில் ஹனிபா ஒரு வரியைத் தூக்கி நிறுத்தும்போது மூச்சு எங்கிருந்து கிளம்புகிறது என்பதை மட்டும் கவனிப்பான். மதமும் கட்சிப் பிரச்சாரமும் அவனுக்கு அப்புறம்தான்.

வங்கித் தோழிக்குப் பிடித்தது வேறு. ஓபெத்தின் பாடகர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் பேய் மாதிரி உறுமிவிட்டு அதே மூச்சில் பாட்டுவாத்தியார் மாதிரி மென்மையாகப் பாடுவார். ஜானகி அம்மா குழந்தைக் குரலில் பாடுவார், கிழவிக் குரலில் பாடுவார், அடுத்த பாட்டில் காதலியாகப் பாடுவார். "ஒரே தொண்டைக்குள்ள எத்தனை பேரு இருக்காங்க பாரு" என்பதுதான் அவள் ரசனை முழுவதும். ஆக்ரோஷம் அவளுக்குப் பொருட்டே இல்லை. ஒரே குரலில் முழு ஆல்பமும் உறுமும் குழுக்களைப் போட்டால் இரண்டாவது பாட்டிலேயே எழுந்து டீ போடப் போய்விடுவாள்.

கானா நண்பன் விஷயம் இன்னும் சுவாரசியம். வடசென்னையில் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடும் மரண கானா கேட்டு வளர்ந்தவன். ஓபெத்தின் 1998 ஆல்பம், செத்துப்போன ஒருவன் ஆவியாகத் திரும்பிவந்து தான் விரும்பியவளைச் சுற்றிச் சுற்றி வருகிற கதை. அதைக் கேட்டுவிட்டு அவன் சொன்னது: "இதுல என்னடா புதுசு? எங்க ஏரியால பதினாறாம் நாள் வரைக்கும் இதான் பாட்டு." இதற்கு மேல் ஒரு விமர்சகர் என்ன எழுதிவிடப் போகிறார்?

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது நேரம். அவசரமே படாமல் ஒன்றைக் கட்டி எழுப்பி, நாம் எதிர்பார்க்கும் இடத்தில் தராமல் இழுத்தடித்துத் தருவது. மாயவரம் பக்கம் கோயில் உற்சவத்தில் சுவாமி புறப்படும்போது மல்லாரி வாசிப்பார்கள். கம்பீரநாட்டை ராகம். சாகித்தியம் கிடையாது, தாளக்கட்டுதான் எல்லாம். ஒரே அமைப்பைக் கீழ்க்காலத்தில் வாசித்து, அப்புறம் வேகத்தை இரட்டித்து, அப்புறம் இன்னும் கூட்டி, தவிலோடு மோதவிட்டுக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். தூங்கி வழிந்துகொண்டிருந்த எட்டு வயதுப் பையனை நிமிர்ந்து உட்கார வைத்தது அது. ஓபெத்தின் பத்து நிமிடப் பாட்டு என்னை மிரட்டாததற்குக் காரணம் இதுதான். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பக்கத்தில் பத்து நிமிடம் எல்லாம் சும்மா ஒரு முன்னோட்டம்.

பெரியப்பாவிடம் ஒருமுறை ஓபெத் போட்டுக் காட்டினேன். தவில் கேட்பதற்காகவே திருவிழா திருவிழாவாகப் போன மனிதர். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்று யாராவது பெயர் சொன்னாலே துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். உறுமல் ஆரம்பித்ததும், "ஏன்டா தம்பி, இந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார். நான் நிறுத்தப் போனேன். "இரு இரு, ஓடட்டும்" என்று கையைக் காட்டினார். தொடையில் விரல் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "பாடுறவனை விடு. மேளக்காரன் கணக்கு வெச்சுத்தான் அடிக்கிறான். இடத்தை மாத்தி மாத்தி எடுக்கிறான், ஆனா விட்ட இடத்துக்குச் சரியா வந்து சேர்றான்" என்றார். நான் பல வருடம் கேட்டும் எண்ணிப் பார்க்காத ஒன்றை அவர் ஒரே கேட்பில் பிடித்துவிட்டார். முழுப் பாட்டையும் அவர் ரசித்தார் என்று சொல்லவரவில்லை. அடுத்த பாட்டுக்குப் போகலாமா என்றதற்கு, "போதும்ப்பா, காபி சாப்பிடலாம்" என்றுவிட்டார்.

ஆகவே சித்தி பையனுக்கு நான் சொன்ன முதல் உபாயம்: பாட்டு பிடித்திருந்தால் எந்த நிமிடத்தில் பிடித்தது என்று குறித்து வை. 'நாலாவது நிமிடம், டிரம் நின்று கிதார் மட்டும்' என்கிற மாதிரி. பத்துப் பதினைந்து பாட்டுக்கு இப்படி எழுதினால் ஒரே சங்கதி திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அதற்குப் பிறகு எந்த வகை இசை என்று பார்க்காமல், அந்தச் சங்கதி வேறு எங்கே கிடைக்கிறது என்று தேடலாம். மெட்டல், கர்நாடகம், கானா என்பதெல்லாம் கடைக்காரர் அலமாரியில் ஒட்டிய பெயர்கள். கேட்கிறவர் அதன்படி கேட்கவேண்டும் என்று சட்டமில்லை.

இரண்டாவது உபாயம், அந்தக் கலைஞர்களே என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பது. ஓக்கர்ஃபெல்ட் பழைய இசைத்தட்டுச் சேகரிப்பில் பைத்தியம். எழுபதுகளின் பிரிட்டிஷ் ஃபோக், புரோகிரசிவ் ராக் எல்லாம் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். ஆல்பப் பெயர்களே அதைக் காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன ஆவிக் கதை ஆல்பத்தின் தலைப்பு, கோமஸ் என்ற ஆங்கிலேய ஃபோக் குழுவின் 1971 பாட்டு வரியிலிருந்து எடுத்தது. 2001-இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தின் பெயர், 1972-இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் காணாமல்போன ஜெர்மன் குழுவின் பெயர். 2008 ஆல்பத்தின் சிறப்புப் பதிப்பில் கூடுதலாகச் சேர்த்த பாட்டுகளில் ஒன்று, ராக்ஸெட் என்ற ஸ்வீடன் பாப் குழுவின் பாடகி மரீ ஃபிரெட்ரிக்சன் முன்பு ஸ்வீடிஷ் மொழியில் பாடிய பாட்டின் மறுபதிவு. ஆமாம், தொண்ணூறுகளில் காதலர்கள் கேசட்டில் பதிந்து பரிமாறிக்கொண்ட அதே ராக்ஸெட்.

'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தைத் தயாரித்தவர் ஆங்கிலேய இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன். சோகப் பாட்டுகளுக்குப் பெயர்போன மனிதர். ஆனால் ஸ்வீடன் பாப் குழுவான ஆப்பா பிடிக்கும் என்று வெளிப்படையாகச் சொல்பவர், அவர்கள் பாட்டு ஒன்றை மறுபதிவும் செய்திருக்கிறார். 2017-இல் துள்ளலாக ஒரு பாப் பாட்டுப் போட்டார், பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். மறுவருடம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அதே பாட்டுக்குப் பாலிவுட் நடனக் குழுவை மேடையேற்றி ஆடவிட்டார். அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். நம் வீட்டுக் கல்யாண சங்கீத் மேடை மாதிரியே இருக்கும், கீழே கறுப்புச் சட்டைக்காரர்கள் திகைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் மறுபதிவுகள், சிறப்புப் பதிப்பின் கடைசிப் பாட்டுகள், ஆல்ப அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் நன்றிப் பட்டியல், ஒத்திகைப் படங்களில் அவர்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட் எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு குழுவிலிருந்து வெளியே போக அந்தக் குழுவே வைத்திருக்கும் வாசல்கள் இவை. செயலி பரிந்துரைக்கும் 'இதைப் போன்றவை' வரிசை இதைச் செய்யாது. ஓபெத் கேட்டால் ஓபெத் மாதிரியே இன்னும் நாற்பது குழுக்களைத் தரும். அதில் பாதி நகல்தான். வகையின் பெயரைப் போட்டுத் தேடாமல் ஆளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பாஸ் வாசிக்கும் மார்ட்டின் மெண்டெஸ் உருகுவேக்காரர். அவரைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்டு மத்தளம் வரைக்கும் போய்விட்டான் எங்கள் கானா நண்பன். நாகஸ்வரத்துக்கு ஆகாசவாணியின் பழைய பதிவுகளையும், திருவிழாவில் யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து எடுத்த வீடியோக்களையும் தேடுவேன். இரண்டாவதில் வெடிச் சத்தமும் குழந்தை அழுகையும் சேர்ந்தே வரும். பரவாயில்லை.

இனி ஆட்களோடு கேட்கும் விஷயம். 2011 அக்டோபர் 30-ஆம் தேதி அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகா பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தார்கள். நாங்கள் சென்னையிலிருந்து ஒரே காரில் போனோம். கிளம்புவதற்கு முன்பே ஒரு விதி போட்டோம்: முன் சீட்டில் இருப்பவர் கையில் போன், ஒரு ஆல்பம் அல்லது ஒரு மணி நேரம், யாரும் பாட்டைத் தாண்டவைக்கச் சொல்லக்கூடாது, விமர்சனம் வண்டி நின்ற பிறகுதான். வண்டி நிற்கும் இடத்தில் ஆள் மாறவேண்டும்.

காஞ்சிபுரம் தாண்டும் வரை ஜானகி. வேலூர் வரை மெட்டாலிகா. ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுக் கிளம்பும்போது அம்பத்தூர்க்காரன் முன்னால் உட்கார்ந்து ஹனிபாவைப் போட்டான். நெடுஞ்சாலையில் ஜன்னலை இறக்கிவிட்டுக் கேட்டோம். அதுவரை ஹனிபா என்றால் பண்டிகைநாள் ஒலிபெருக்கி, கட்சிக் கூட்டம் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு அந்தக் குரலின் கனம் அங்கேதான் உறைத்தது. 'போட்டுக் கேளுடா, கேளுடா' என்று அவன் பல மாதமாக அனுப்பிய இணைப்புகளை நான் திறந்தே பார்த்ததில்லை. காரில் தப்பிக்க வழியில்லை, கேட்டேன். இணைப்பு அனுப்புவதால் யாரும் யாருக்கும் ரசிகர் ஆவதில்லை என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவைக்க வேண்டும், கேட்கவைக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 'இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு' என்று முழங்கையால் இடிப்பவரோடு எந்தப் பாட்டையும் ரசிக்க முடியாது.

ஒருவருக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் உங்களுக்கு மிகப் பிடித்ததாக இருக்கக்கூடாது. அவர் ரசனைக்குப் பக்கத்தில் இருப்பதைக் கொடுங்கள். ஜானகி ரசிகை ஒருவருக்கு ஓபெத்தின் 2003 ஆல்பம்தான் சரி. அதில் உறுமலே கிடையாது. மிருதங்கம் பழகிய பையனுக்கு நேராகக் கனமான பாட்டையே கொடுக்கலாம், அவன் தாளத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். பதிலுக்கு அவரிடமும் ஒரு பாட்டுக் கேட்டு வாங்குங்கள். வாங்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது பிரச்சாரம்.

அதே கார் பயணத்தில் ஒரு சண்டையும் நடந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஓபெத்தின் 'ஹெரிட்டேஜ்' வந்திருந்தது. உறுமலை முழுவதும் விட்டுவிட்டு எழுபதுகளின் ராக் பாணிக்கு மொத்தமாகப் போயிருந்தார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், எங்கள் காரும் பிரிந்தது. பலவகை கேட்பவர்களுக்கு இதெல்லாம் பெரிதாகப் படாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. ஹனிபா, இளையராஜா, டெத் மெட்டல் எல்லாம் கேட்கும் அம்பத்தூர்க்காரனுக்குத்தான் கோபம் அதிகம். "எழுபதுகளோட ராக் வேணும்னா நான் எழுபதுகளோட ராக்கையே கேட்டுக்குவேன். இவங்ககிட்ட வந்தது எதுக்கு?" என்றான். அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ரசனை அகலமாக இருப்பவர்தான் ஒவ்வொரு குழுவிடமும் அதற்கே உரிய ஒன்றை எதிர்பார்க்கிறார், எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்க அவருக்குத் தேவையில்லை. அவன் அடுத்த பல வருடங்கள் புதிய ஓபெத்தைத் தொடவில்லை, பழைய ஆல்பங்களை மட்டும் கேட்டான். அதில் என்ன தப்பு? குழுவின் ரசனை ஒரு பக்கம் நகர்ந்தால் ரசிகனும் பின்னாலேயே போகவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 2024-இல் வந்த ஆல்பத்தில் உறுமல் திரும்பியது, கூடவே ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழலும். அவனும் திரும்பிவிட்டான்.

ஹாஸ்டல் கிண்டலைப் பற்றி. "மூணு பாட்டு பேரு சொல்லு பாப்போம்" என்று சோதிக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெண்கள் அந்த டி-ஷர்ட் போட்டால் இந்தச் சோதனை இன்னும் அதிகம். வங்கித் தோழியிடம் ஒருவர் கேட்டபோது, "பேரெல்லாம் எனக்குக் குழம்பும் சார், ஆல்பமா ஒரே மூச்சுல கேக்குறவ நான். உங்களுக்கு இதுல எந்த இடம் பிடிக்கும்?" என்று திருப்பிக் கேட்டாள். பேச்சு அங்கிருந்து நன்றாகவே போனது. 2009-இல் ஐஐடி மெட்ராஸ் சாரங் விழாவுக்கு ஓபெத் வந்தபோது வரிசையில் என் முன்னால் நின்றவர் கொல்கத்தாக்காரர். உள்ளே விடும் வரை நாங்கள் ஓபெத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் ரவீந்திர சங்கீதம் பற்றிச் சொன்னார், நான் மல்லாரி பற்றிச் சொன்னேன். ஒரே குழுவின் ரசிகர்கள் சந்தித்தால் அந்தக் குழுவைப் பற்றிப் பேச அதிகம் மிச்சமிருக்காது, இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும்.

இவ்வளவு சொல்லிவிட்டேன் என்பதற்காக மெட்டலையும் நம் ஊர் இசையையும் கலந்து அடிக்கச் சொல்வதாக நினைக்கவேண்டாம். உறுமும் கிதாருக்கு மேல் ஒரு வயலினை விட்டு ராகம் இழுத்து, 'சங்கமம்' என்று பெயர் வைத்தால் எனக்கு ஒவ்வாமை வந்துவிடும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் பாதிப் பலத்தில்தான் வாசிக்கும். எனக்கு மல்லாரி மல்லாரியாக வேண்டும், ஓபெத் ஓபெத்தாக வேண்டும். கானா நண்பன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான், அவனே மூன்று டிராக் கலந்து வைத்திருக்கிறான்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது பணியிடப் பாதுகாப்பில் சொல்லும் ஒரு கணக்கு. அதன்படி 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். மெட்டல் மேடைக்கு முன்னாலும், மண்டபத்துக்குள் தவிலுக்கு இரண்டடி பக்கத்திலும் சத்தம் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். மருந்துக் கடையில் நுரைபஞ்சு அடைப்பான் கிடைக்கும், நன்றாக உருட்டி உள்ளே விட்டுச் சில நொடி பிடித்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்வார்கள், அங்கே மட்டும் நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்பொனி லண்டன் ஹாமர்ஸ்மித் அப்போலோவில் அரங்கேறியது. எங்கள் வாட்ஸாப் குழுவில் அன்று இரண்டு தனித்தனிக் கொண்டாட்டம். ஒரு பக்கம் ராஜா. இன்னொரு பக்கம், பழைய பெயர் ஹாமர்ஸ்மித் ஓடியன் என்ற அந்த அரங்கு: அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழு 1982-இல் வாசித்த மேடை, மோட்டார்ஹெட் குழு தன் நேரலை ஆல்பத்தின் பெயரிலேயே ஊரைப் போட்டுக்கொண்ட இடம். சிம்பொனியை முதலில் எங்கே உட்கார்ந்து கேட்பது என்ற பேச்சு வந்தபோது அம்பத்தூர்க்காரன் பட்டறையில் பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது என்றான், வங்கித் தோழி லேத்தை நிறுத்துவதாக இருந்தால் வருகிறேன் என்றாள்.